டயர் மாற்றிய மறுநாள் சிலாபத்தில் சில்லு ஆடியது. நட் எவ்வளவு இறுக்க வேண்டும்?

வெள்ளவத்தை விட்ஸ் | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். இன்று காலை நடந்ததை எழுதாமல் படுத்தால் நித்திரை வராது போலிருக்கிறது.

என்னுடையது 2012 டொயோட்டா விட்ஸ் கார். மச்சாளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும் என்று நேற்றுப் பின்னேரம் நான்கு டயரும் புதிதாகப் போட்டேன். கடையின் பெயரை எழுத மாட்டேன், கேட்க வேண்டாம். கடை பூட்டும் நேரம், மழை வேறு, எனக்குப் பின்னால் நாலைந்து வாகனம். ஒரு பெடியன் எயார் கன்னால் டர்ர்ர் என்று நாலு சில்லையும் பூட்டி முடித்தான், ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கெட்டிக்காரன் என்று நினைத்து நூறு ரூபாய் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டோம். நீர்கொழும்பு வரை ஒன்றுமில்லை. மாரவில தாண்டியதும் பின்னுக்கிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம், வேகம் கூட்டினால் அதுவும் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. பின் பூட்டுக்குள் (சாமான் வைக்கும் இடத்தில்) பலகாரச் சட்டி உருளுகிறது என்று மனைவி சொன்னா, நானும் நம்பிவிட்டேன். அந்தச் சட்டியை நம்பி இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன்! சிலாபத்துக்குக் கிட்டே சீற்றே நடுங்கத் தொடங்கியதும்தான் ஓரம்கட்டினேன். இடது பின் சில்லு. நான்கு நட்டில் இரண்டு விரலால் சுற்றுகிறது, மூன்றாவது அரைகுறை, நான்காவது மட்டும்தான் சில்லைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வாகனத்தோடு வந்த ஸ்பானரால் இறுக்கிவிட்டு மற்றச் சில்லுகளையும் பார்ப்போமே என்று முன் வலதுபக்கம் போனால் அங்கே தலைகீழ்க் கதை. ஸ்பானருக்கு மேல் ஏறி நின்றும் ஒரு நட் அசையவில்லை. ஒரே ஆள், ஒரே கன், ஒரே பின்னேரம்.

மெதுவாக ஓட்டி, புத்தளத்திலும் வவுனியாவிலும் நிறுத்திப் பார்த்து வந்து சேர்ந்தாயிற்று. வியாழன் திரும்ப வேண்டும். கேள்வி இதுதான்: நட் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதா, அல்லது ஆளின் கைப்பலம்தான் கணக்கா?


மரைகழண்டவன் | ஞாயிறு, இரவு 9.31

என் பெயரை வைத்து ஒருவரும் பகிடி விடக்கூடாது என்று முதலே சொல்லிவிடுகிறேன். சட்டிக்குள் இருந்தது என்ன பலகாரம்?


கொட்டாஞ்சேனைப் பாஸ் | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, கடவுள் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சில்லுச் சத்தமும் பூட்டுச் சத்தமும் வேறு. சட்டி உருண்டால் வளைவிலும் பிறேக்கிலும்தான் சத்தம் வரும், வேகத்தோடு கூடிக் குறையாது. அடுத்த முறைக்கு ஞாபகம் இருக்கட்டும்.

இந்தக் கன் வந்த நாளில் இருந்து பெடியன்களுக்குக் கை உணர்வே போய்விட்டது. நான் 28 வருஷமாகக் கராஜில் நிற்கிறேன், கன்னால் ஓடவிட்டாலும் கடைசி இறுக்கு கையால்தான். நான்கு கைச் சிலுவை ஸ்பானர், ஒரே இழுவை, நட் 'கிக்' என்று ஒரு சத்தம் போடும், அங்கே நிறுத்தினால் போதும். என் கையால் பூட்டிய சில்லு ஒன்றும் இன்றுவரை கழன்றதில்லை. கணக்கு, புத்தகம் எல்லாம் பிறகு. கைதான் கணக்கு.


கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11.20

கணக்கு இருக்கிறது, அதுவும் வாகனத்துக்கு வாகனம் வேறு. விட்ஸுக்கு டொயோட்டா சொல்வது 103 நியூட்டன் மீற்றர் (திருகும் பலத்தின் அளவு). அக்வா, பிரியஸ் எல்லாவற்றுக்கும் அதே 103. ஹொண்டா ஃபிட்டுக்கு 108. நட் இல்லாமல் போல்ட் பூட்டும் ஐரோப்பிய வாகனங்களில், உதாரணமாக ஃபொக்ஸ்வாகன் கார்களில், பெரும்பாலும் 120. உங்கள் வாகனத்தின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், ஜப்பான் மொழியில் இருந்தாலும் எண் எண்தானே.

103 என்றால் கைக்கு எப்படி இருக்கும்? 30 சென்ரிமீற்றர் நீளக் கைப்பிடியின் நுனியில் 35 கிலோ எடையால் அழுத்தினால் ஏறத்தாழ 103 வரும். அவ்வளவுதான். அதே ஸ்பானரில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 206. சரியாக இரட்டிப்பு. ஆள் நின்றுகொண்டு ஒரு துள்ளுத் துள்ளினால் எங்கே போகும் என்று நீங்களே பாருங்கள். ஒரு மீற்றர் குழாயைச் சொருகி 50 கிலோ பலத்தில் இழுத்தால் 490. கடைகளில் இருக்கும் கன்களில் பல 500க்கு மேல் போகக்கூடியவை. ஆகவே வெள்ளவத்தைத் தம்பி ஏறி நின்றும் கழறாத நட் 206ஐ விடக் கூடுதலாக இறுகியிருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி நட் உண்மையில் என்ன செய்கிறது என்று கொஞ்சம். பலர் ஸ்டட்தான் (நட் ஏறும் மரைக்கம்பி) வாகனத்தைத் தாங்குகிறது, சில்லு அதில் தொங்குகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை முடுக்கும்போது ஸ்டட் ஒரு றப்பர் நாடா போல இழுபடுகிறது, அந்த இழுவை சில்லை ஹப்போடு (சில்லு வந்து பொருந்தும் நடுப்பகுதி) சேர்த்து நசுக்குகிறது, அந்த நசுக்கலால் வரும் உராய்வுதான் சில்லை அசையாமல் வைத்திருக்கிறது. 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் காய்ந்த மரையில் 103 கொடுத்தால் ஒரு நட்டுக்குச் சுமார் 4.3 தொன் அழுத்தம் வரும், நான்குக்கும் 17 தொன். விட்ஸின் மொத்த எடையே ஒரு தொன் அளவுதான். அந்த அழுத்தம் இருக்கும்வரை ஸ்டட்டுக்கு வேலையே இல்லை. அது குறைந்தால் சில்லு நுண்மையாக வழுக்கத் தொடங்கும், வழுக்க வழுக்க நட் தானாகச் சுழன்று கழலும், ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் இப்பக்கம் அப்பக்கம் வளையும். கம்பியை மடக்கி மடக்கி முறிப்போமே, அதே வேலை.

அதனால்தான் முக்கியமாக ஒன்று: அந்த இடது பின் சில்லின் ஸ்டட்களை அப்படியே விட்டுவிட்டுக் கொழும்புக்குத் திரும்ப வேண்டாம். ஆடிய நிலையில் 15 கிலோமீற்றர் ஓடிய ஸ்டட் கண்ணுக்கு நல்லதாகத்தான் தெரியும், வெடிப்பு உள்ளே இருக்கும். நான்கையும் மாற்றுங்கள். றிம்மைக் கழற்றி நட் ஓட்டைகளையும் பாருங்கள், வட்டம் முட்டை வடிவமாகியிருந்தால் அந்த றிம் போய்விட்டது.


கொட்டாஞ்சேனைப் பாஸ் | திங்கள், காலை 7.48

ஸ்டட் மாற்றச் சொன்னது சரி. அதில் நானும் கணக்குப்பிள்ளையும் ஒரு கட்சி. ஒன்று முறிந்திருந்தால் பக்கத்தில் உள்ளதையும் மாற்ற வேண்டும் என்று என் குருநாதர் அடித்தே சொல்லித் தந்தவர்.

ஆனால் 103, 108 எல்லாம் புதுச் சாமானுக்குத் தம்பி. இங்கே வருவது பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய வாகனம். காலி வீதியில் கடற்காற்றில் நிற்கிற வாகனத்தின் மரையைப் பார்த்திருக்கிறீர்களா? கறள். அந்தக் கறளில் 103 வைத்தால் பாதி பலம் கறளை உரசவே போய்விடும். அதற்குத்தான் நான் ஒரு சொட்டு ஒயில் விட்டுப் பூட்டுவது.


கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 8.30

பாஸ் அண்ணை, கறளைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சுத்தமான மரையிலேயே நாங்கள் கொடுக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்குத்தான் போகிறது. அரைவாசி நட்டின் இருக்கையில், இன்னொரு 40 வீதம் மரையில், மிஞ்சும் 10 வீதம்தான் ஸ்டட்டை இழுக்கிறது.

அதே காரணத்தால்தான் ஒயிலும் ஆபத்து. உராய்வு கொஞ்சம் குறைந்தாலும் அந்தப் பத்து வீதம் பதின்மூன்று பதினான்காகிவிடும். நீங்கள் 103 என்று நினைத்து நிறுத்தும் இடத்தில் ஸ்டட் அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு குழாயையும் போட்டால் ஸ்டட் நிரந்தரமாக நீளும் எல்லைக்குப் போய்விடும், நீண்டதற்குப் பிறகு அதில் பிடிப்பு இல்லை. டொயோட்டா கையேட்டிலேயே நட்டிலும் ஸ்டட்டிலும் ஒயில், கிறீஸ் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். கம்பி பிரஷ்ஷால் கறளைத் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்த மரையில் பூட்டுவதுதான் முறை. மரை தேய்ந்திருந்தால் ஸ்டட்டை மாற்றுவது, ஒயிலால் சமாளிப்பதல்ல.

கிறீஸ் போட்டே தீர வேண்டும் என்றால் ஹப்பின் நடு வளையத்தில், றிம் ஓட்டை உட்காரும் விளிம்பில், விரல் நுனியால் மெல்லிசாக ஒரு பூச்சு. அலோய் றிம் ஹப்போடு ஒட்டிப்போகாமல் இருக்க அது உதவும். நட்டுக்குக் கிட்டேயும் போகக்கூடாது.


தெஹிவளைத் தங்கச்சி | திங்கள், மதியம் 12.40

எல்லாரும் லூசான நட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். இறுகினதைப் பற்றி நான் சொல்கிறேன்.

போன வருஷம் மாத்தறையில் இருந்து இரவு திரும்பும்போது அதிவேக வீதியில் முன் டயர் காற்றுப் போனது. நானும் அம்மாவும் மட்டும். ஓரத்தில் வாகனம் 100இல் பறக்கிறது, நான் ஸ்பானரை வைத்துத் தொங்குகிறேன். ஐந்து நட்டில் ஒன்றுகூடக் கழறவில்லை. நான் 52 கிலோ. அம்மாவையும் ஸ்பானரில் ஏற்றவா என்று அம்மாவே கேட்டா. கடைசியில் ரோந்து வாகனம் வந்து, அதில் வந்தவர் தன் நீளக் கம்பியால் கழற்றினார், அதிலும் ஒரு ஸ்டட் முறிந்தது. அதற்கு முதல் வாரம்தான் ஒரு இடத்தில் சில்லு மாற்றிச் சுற்றிப் போட்டிருந்தேன். கன்னால்தான்.

இப்போது என் பழக்கம் என்ன தெரியுமா? எந்தக் கடையில் பூட்டினாலும் வீட்டுக்கு வந்து என் ஸ்பானரால் ஒவ்வொன்றையும் ஒரு முறை கழற்றிப் பார்ப்பேன். என்னால் கழற்ற முடியாவிட்டால் கடைக்குத் திரும்பப் போவேன். முகத்தைச் சுளிப்பார்கள். பரவாயில்லை.


மரைகழண்டவன் | திங்கள், மதியம் 12.52

அம்மாவைச் சேர்த்திருந்தால் 120 கிலோ வந்திருக்கும், கணக்குப்பிள்ளை கணக்குப் போடவும்.


கணக்குப்பிள்ளை | திங்கள், மதியம் 1.15

30 சென்ரிமீற்றரில் 353. அதற்கும் கழராத நட் கடைகளில் இருக்கிறது, பகிடி இல்லை.

தங்கச்சி சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. முன் சில்லில் ஒரு நட் 300, பக்கத்து நட் 90 என்று இறுகினால் பிறேக் டிஸ்க் ஒரு பக்கமாக இழுபட்டு மெல்ல நெளியும். சில ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு பிறேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். நாங்கள் டிஸ்க் பழுது, பாட் பழுது என்று காசு செலவழிப்போம்.

வெள்ளவத்தை, சில கேள்விகள். றிம் வாகனத்தோடு வந்ததா, பிறகு போட்டதா? நட் எந்த வடிவம், கூம்பா, தட்டை வாஷர் உள்ளதா? கழற்றியபோது ஹப் முகத்தில் கறள் இருந்ததா?


வெள்ளவத்தை விட்ஸ் | திங்கள், இரவு 8.55

முறுக்கும் பயற்றம்பணியாரமும்தான், மரைகழண்டவன் அண்ணா. ஒன்றும் உடையவில்லை.

இன்று இங்கே ஒரு கராஜில் நான்கு ஸ்டட்டும் மாற்றிவிட்டேன். பழையதில் ஒன்றின் அடியில் மயிரிழை போல வெடிப்பு, அந்த ஐயா சுண்ணாம்புக்கட்டி தேய்த்துக் காட்டினார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. றிம் ஓட்டைகள் வட்டமாகத்தான் இருக்கின்றன.

றிம் கம்பனி றிம் இல்லை. பஞ்சிகாவத்தையில் இரண்டாம் கையாக வாங்கிய அலோய். நட் கூம்பு வடிவம், றிம்மோடு தந்தவை. ஹப் முகத்தில் கறள் கொஞ்சம்.

இன்னொன்று, முதலில் எழுதவில்லை, இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதோ தெரியாது. கலியாணத்துக்குப் போகிறோமே என்று போன கிழமைதான் நான்கு றிம்முக்கும் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். பவுடர் கோற்றிங். உள்ளும் புறமும் முழுக்க அடிக்கச் சொல்லித்தான் கொடுத்தேன்.


கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 9.20

தொடர்பா! கதையின் பாதி அதுதான் தம்பி.

103இல் அந்த ஸ்டட் எவ்வளவு நீளும் என்று பாருங்கள். 4.3 தொன் இழுவைக்கு, றிம்மின் தடிப்புக்குள் இருக்கும் அந்தச் சிறு துண்டு நீள்வது ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பு. சில்லைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு மயிர் தடிப்பு இழுவைதான். உங்கள் பவுடர் கோற்றிங்கும் அதே தடிப்பு, சிலவேளை கூட. நட்டின் கூம்பு இருக்கையிலும் ஹப்பில் படும் பின் முகத்திலும் அந்தப் பூச்சு இருந்தால், ஓடும்போது சூட்டிலும் அதிர்விலும் அது நசுங்கி ஒதுங்கும். பூச்சு ஒதுங்கிய அளவுக்கு ஸ்டட் சுருங்கும், இழுவை போய்விடும். நட் ஒரு சுற்றும் சுற்றாமலே லூசாகிவிடும்.

ஆகவே அந்தப் பெடியன் சரியாக 103க்கே இறுக்கியிருந்தாலும் மறுநாள் உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கலாம். அவன் இடது பின் சில்லில் குறைத்து விட்டிருப்பான் என்பதும் உண்மையாக இருக்கலாம், ஆனால் முழுப் பழியும் அவன் தலையில் இல்லை.

நட் படும் கூம்புக் குழியும் ஹப்பில் படும் முகமும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். பெயின்ற் அடிக்கக் கொடுக்கும்போதே அந்த இடங்களை மறைத்து அடிக்கச் சொல்ல வேண்டும்.


வெள்ளவத்தை விட்ஸ் | திங்கள், இரவு 9.34

அப்போ நூறு ரூபாய் கொடுத்ததும் சரி, மனதுக்குள் திட்டியதும் பாதி சரி.


லொறி நானா | செவ்வாய், காலை 6.10

வாசித்துக்கொண்டு வந்தேன், நம்ம பக்கத்துச் சங்கதி ஒன்றும் சேர்க்கட்டும். நான் கிராண்ட்பாஸில் இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓடுகிறேன்.

பழைய ஜப்பான் லொறிகளில் இடப்பக்கச் சில்லுக்கு இடது மரை. மற்றப் பக்கம் சுற்றினால்தான் கழரும். ஸ்டட் நுனியில் அடையாளம் வெட்டியிருக்கும். இது தெரியாமல் புதுப் பெடியன்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவார்கள், கன் பெரிசு, ஸ்டட் முறிந்த பிறகுதான் பாஸ், வேற பக்கமோ என்று கேட்பார்கள். இரட்டைச் சில்லு என்றால் உள் நட், வெளி நட் என்று இரண்டு. வெளி நட்டைத் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, பிறகு வெளி நட்டைத் திரும்ப இறுக்க வேண்டும். வெளியே மட்டும் இறுக்கிவிட்டுப் போனால் உள் சில்லு ஆடும், ஒருவருக்கும் தெரியாது.

ஜப்பானில் பெரிய வாகனங்களில் சில்லு கழன்று ஓடுவது பெரும்பாலும் இடது பின் சில்லுதானாம், அதுவும் குளிர்காலத்துக்கு டயர் மாற்றிய பிறகு. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். புதிய லொறிகளில் இரண்டு பக்கமும் வலது மரைதான் வருகிறது, தட்டை வாஷர் நட், இறுக்குவது 550, 600. விட்ஸ் தம்பிக்குக் கேட்டாலே தலை சுற்றும்.

நான் நட்டுக்கு நட் மஞ்சள் பிளாஸ்ரிக் அம்பு போட்டிருக்கிறேன், இரண்டு அம்பும் ஒன்றை ஒன்று பார்க்க. ஒன்று திரும்பியிருந்தால் நட் அசைந்திருக்கிறது. தேத்தண்ணிக்கு நிறுத்தும் இடத்தில் ஒரு சுற்று நடந்தால் போதும். காருக்கு அம்பு வேண்டாம், நட்டில் இருந்து றிம்முக்கு ஒரு பெயின்ற் கோடு இழுத்தாலே காணும். நட் ஓட்டையில் இருந்து கறள் நிறத்தில் கோடு வழிந்திருந்தாலும் அதுவும் லூசு என்றுதான் அர்த்தம்.


கொட்டாஞ்சேனைப் பாஸ் | செவ்வாய், காலை 9.02

நானா சொன்ன கறள் கோடு, அதை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் வாகனம் உள்ளே வரும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.


புதுச்சில்லு | செவ்வாய், மாலை 5.25

நான் போன மாதம்தான் முதல் வாகனம் வாங்கினேன், சுசுகி வாகன்ஆர். இதை எல்லாம் வாசித்துப் பயந்துபோய் இருக்கிறேன். தயவுசெய்து யாராவது முதலில் இருந்து கடைசிவரை எப்படிப் பூட்டுவது என்று சொல்வீர்களா? வாகன்ஆர் நட் டொயோட்டாவுக்குப் பொருந்துமா, வீட்டில் அண்ணாவின் விட்ஸ் நட் கொஞ்சம் கிடக்கிறது.


கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 8.40

அண்ணாவின் நட்டைத் தொட வேண்டாம்! டொயோட்டா, ஹொண்டா மரை 1.5 மில்லிமீற்றர் இடைவெளி, சுசுகி, நிசான் 1.25. இரண்டு ஸ்டட்டும் 12 மில்லிமீற்றர் தடிப்புத்தான், அதனால் விரலால் ஒன்றிரண்டு சுற்றுப் போகும், பிறகு பிடிக்கும். கன் வைத்தால் மரையை அரைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், அதை இறுகியது என்று நினைப்பீர்கள்.

மரை சரியாக இருந்தாலும் இருக்கை சரியாக இருக்க வேண்டும். டொயோட்டாவின் சொந்த அலோய்க்குத் தட்டை வாஷர் நட், ஹொண்டாவுக்கு உருண்டை, வெளியில் வாங்கும் றிம்களுக்குப் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. கூம்புக் குழியில் உருண்டை நட் போட்டால் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். எத்தனை இறுக்கினாலும் நிற்காது. கம்பனி றிம்மைக் கழற்றி வேறு றிம் போடுகிறவர்கள் பழைய நட்டையே போடுவது அதிகம், கடையும் பேசாமல் போட்டுவிடும்.

பூட்டும் முறை. சமதளம், கை பிறேக், பின்னால் ஒரு கல். ஜக் ஏற்றும் முன்னரே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், தூக்கிய பிறகு பலம் போட்டால் வாகனம் ஜக்கில் இருந்து வழுக்கும். சில்லைக் கழற்றியதும் ஹப் முகத்தையும் றிம்மின் பின் முகத்தையும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சில்லை வைத்து எல்லா நட்டையும் விரலால் முடுக்குங்கள், விரலால் குறைந்தது ஏழெட்டுச் சுற்றுப் போகவேண்டும், 1.25 மரையில் ஒன்பது பத்து. இரண்டாவது சுற்றிலேயே இறுகினால் அது குறுக்காக ஏறியிருக்கிறது, கழற்றித் திரும்பப் போடுங்கள். எக்காரணம் கொண்டும் முதல் சுற்றைக் கன்னால் தொடங்க விடாதீர்கள், கடையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பிறகு தூக்கிய நிலையிலேயே ஸ்பானரால் எதிரெதிராக மெல்ல இறுக்கி, சில்லை ஆட்டி ஆட்டி ஹப்பில் நேராக உட்கார வைக்க வேண்டும். நான்கு நட்டென்றால் ஒன்று, அதன் எதிர், மற்றது, அதன் எதிர். ஐந்து என்றால் நட்சத்திரம் கீறுவது போல ஒன்று விட்டு ஒன்று. வட்டமாகச் சுற்றி வந்தால் றிம் ஒரு பக்கம் சாய்ந்தே இறுகும். பிறகு டயர் நிலத்தைத் தொட்டு உருளாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் இறக்கி, டோர்க் றெஞ்ச்சால் (இறுக்கும் அளவைச் சொல்லும் ஸ்பானர்) இரண்டு தடவையில் முழு அளவுக்கு, அதே எதிரெதிர் வரிசையில். ஒரேயடியாக வேண்டாம்.

50 இல் இருந்து 100 கிலோமீற்றருக்குள் ஒரு முறை திரும்பப் பாருங்கள். கொழும்புக்குள் ஓடினால் இரண்டு மூன்று நாள், யாழ்ப்பாணம் போனால் சிலாபம்.


வெள்ளவத்தை விட்ஸ் | செவ்வாய், இரவு 8.58

சிலாபம். சரி.


தெஹிவளைத் தங்கச்சி | செவ்வாய், இரவு 9.15

இதோடு ஒன்று. ஸ்பெயார் வீல் மெல்லிய வகை என்றால் அதற்கும் அலோய்க்கும் நட் உட்காரும் விதம் வேறாக இருக்கலாம், கையேட்டில் படத்தோடு இருக்கிறது. மெல்லிய சில்லோடு 80க்கு மேல் ஓடவும் கூடாது. காற்று 60 பிஎஸ்ஐ வேண்டும், பூட்டுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்து அரைவாசி போயிருக்கும். இப்போதே போய்ப் பாருங்கள், நான் அந்த இரவில்தான் பார்த்தேன்.


புதுச்சில்லு | செவ்வாய், இரவு 9.40

பார்த்தேன். என் வாகனத்தில் ஸ்பெயார் வீலே இல்லை! ஒரு காற்றுப் பம்பும் ஒரு போத்தல் பசையும்தான்.


மரைகழண்டவன் | செவ்வாய், இரவு 9.44

அப்போ உங்களுக்கு நட் பிரச்சினையே இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்.


கொட்டாஞ்சேனைப் பாஸ் | புதன், இரவு 7.30

சரி, ஒன்று சொல்லட்டுமா, சிரிக்கக்கூடாது.

கணக்குப்பிள்ளை எழுதியது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கராஜில் டோர்க் றெஞ்ச் ஒன்று இருக்கிறது, இன்று மத்தியானம் இரவல் வாங்கி வந்தேன். நானே என் கையால், என் சிலுவை ஸ்பானரால், 'கிக்' சத்தம் வரும்வரை ஒரு அக்ஸியோ காரின் சில்லுகளைப் பூட்டினேன். பிறகு றெஞ்ச்சைக் குறைந்த அளவில் இருந்து கூட்டிக் கூட்டி வைத்து, நட் எந்த இடத்தில் அசையத் தொடங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதல் சில்லு நான்கும் 110, 115. சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது 120 அளவு. மூன்றாவதில் ஒரு நட் 150. நான்காவது சில்லு, அப்போது வெயில், வியர்வை, ஒருவர் வந்து கதை கேட்டார், நான் கதைத்துக்கொண்டே பூட்டினேன், அதில் ஒன்று 80, ஒன்று 140. 28 வருஷக் கை.

கழரவில்லைத்தான், இனியும் கழராது. ஆனால் நான் ஒரே மாதிரி இறுக்குகிறேன் என்று நினைத்திருந்தேன் பாருங்கள், அதுதான்.

எது வாங்குவது? கிளிக் சத்தம் போடுகிறதா, முள் காட்டுகிறதா?


கணக்குப்பிள்ளை | புதன், இரவு 8.05

பாஸ் அண்ணை, சிரிக்கவில்லை. எண்ணைக் காட்டாமலே 110இல் நிற்கிற கை இந்த ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

கராஜுக்குக் கிளிக் வகை. அரை இஞ்ச் அளவு, 40 இல் இருந்து 200 சொச்சம் நியூட்டன் மீற்றர் வரை உள்ளது கார், வான் இரண்டுக்கும் போதும். 'கிளிக்' என்றதும் நிறுத்துங்கள், உறுதிக்காக இன்னொரு கிளிக், மற்றொரு கிளிக் என்று போனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டும். கழற்றுவதற்கு அதைப் பாவிக்கக்கூடாது, பெடியன்கள் கையில் கிடைத்தால் முதலில் செய்வது அதைத்தான். வேலை முடிந்ததும் அளவை ஆகக் குறைந்த இடத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து பொய் சொல்லத் தொடங்கும். வருஷத்துக்கு ஒரு முறை அல்லது 5000 இறுக்குக்கு ஒரு முறை சரிபார்க்கக் கொடுங்கள். கராஜில் 5000 சீக்கிரம் வந்துவிடும்.

கன்னை விட வேண்டாம், ஓடவிட்டு முடுக்குவதற்கு நல்லது. கடைசி இறுக்கு மட்டும் இதில்.


லொறி நானா | புதன், இரவு 8.20

பாஸ், அந்த 80 வந்த அக்ஸியோ இப்போ எங்கே?


கொட்டாஞ்சேனைப் பாஸ் | புதன், இரவு 8.22

திரும்ப இறுக்கித்தான் அனுப்பினேன் நானா! விடுவேனா?


வெள்ளவத்தை விட்ஸ் | சனி, இரவு 7.10

வியாழன் வந்து சேர்ந்தோம். வரும் வழியில் வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் வழமையைவிட இரண்டு மணித்தியாலம் கூட. மனைவி பேசவில்லை.

நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பாஸ் அண்ணையை நேரில் பார்த்தேன். நான்கு றிம்மையும் கழற்றி, நட் குழிகளிலும் பின் முகத்திலும் இருந்த பெயின்ற்றைச் சுரண்டி எடுத்தார். குழிக்குள் பெயின்ற் ஒரு பக்கம் ஒதுங்கி வளையமாகச் சுருண்டிருந்தது, கணக்குப்பிள்ளை அண்ணா எழுதியது போலவே. முன் வலது சில்லில் ஒரு ஸ்டட்டின் மரை இழுபட்டிருந்தது, அதையும் மாற்றினோம். ஹப்பில் கறளைத் தேய்த்தார், பிறகு புது றெஞ்ச், இன்னும் பிளாஸ்ரிக் உறைகூட முழுதாகக் கழற்றாதது, 103.

ஒன்று கேட்க வேண்டும். றிம் ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கிறது, நடுவில் பிளாஸ்ரிக் வளையம் போடச் சொல்கிறார். தேவையா?


கணக்குப்பிள்ளை | சனி, இரவு 7.45

போடுங்கள். விட்ஸ் ஹப் 54.1 மில்லிமீற்றர், வெளி றிம்கள் பல வாகனத்துக்குப் பொருந்தப் பெரிதாக வெட்டியிருக்கும். அந்த வளையம் எடையைத் தாங்குவதற்கல்ல, பூட்டும்போது சில்லை நடுவில் நிறுத்துவதற்கு. றிம் ஓட்டையை அளந்து வாங்குங்கள், கண்மட்டத்துக்கு வாங்காதீர்கள்.


வெள்ளவத்தை விட்ஸ் | செவ்வாய், இரவு 6.50

வளையம் போட்டாயிற்று, திரும்ப 103. இன்று 62 கிலோமீற்றர் ஆனது, வேலை முடிந்து நேரே கொட்டாஞ்சேனை. பதினாறு நட்டில் பதினான்கு அசையவே இல்லை, உடனே கிளிக். இடது பின் சில்லில் இரண்டு மட்டும் கொஞ்சம் போனது, கால் சுற்றுக்கும் குறைவு. மிச்சப் பெயின்றாக இருக்கும் என்று பாஸ் அண்ணை சொன்னார். அடுத்த 100இல் திரும்ப வரச் சொல்லி, நட்டுக்கு நட் வெள்ளைக் கோடு இழுத்து விட்டிருக்கிறார். கறுப்பு றிம்மில் வெள்ளைக் கோடு, மனைவிக்குப் பிடிக்கவில்லை.